சீக்கிரம் தெளிகிற மருந்து

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்கிற டாக்டர்களுக்கும் மயக்க டாக்டர்களுக்கும் இடையே எழுதாத ஏற்பாடு ஒன்று உண்டு. சர்ஜன் ஜங்ஷன் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலையை முடித்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குக் கிளம்புவார். ஆற்றுப் பாலத்தில் கார் ஏறியதும் போன் வரும். "பாலம் ஏறியாச்சு, போட்டுருங்க." இந்தப் பக்கம் மயக்க டாக்டர் நோயாளியைக் குனிய வைத்து முதுகில் ஊசியைப் போட்டுவிடுவார். சர்ஜன் படியேறி வந்து கைகழுவி நிற்பதற்குள் நோயாளிக்கு இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாகியிருக்கும். யாருக்கும் நேரம் வீணில்லை.

இந்த ஏற்பாட்டால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்ததில்லை. அந்தப் பெருமை முழுவதும் மருந்தையே சேரும். வழக்கமாக முதுகில் போடுகிற மருந்து மூன்று மணி நேரம் தாங்கும். பாலத்தில் லாரி மறித்துக்கொண்டு நின்றாலும், சர்ஜன் வழியில் இறங்கி இளநீர் குடித்தாலும், அது கோபப்படாமல் காத்திருக்கும். தியேட்டரில் அதை 'ஹெவி' என்பார்கள். ஊரே தாமதமாக வருவதற்கென்று செய்து வைத்த மருந்து போல அப்படி ஒரு சாது.

மயக்க டாக்டர் மதுமதிக்கு இந்தப் பாலத்து போன் பிடிக்காது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கமும் இருந்ததால், ஊரில் பாதி சர்ஜன்கள் அவளைக் கூப்பிடுவதில்லை. மீதிப் பாதி கூப்பிட்டுவிட்டு முனகுவார்கள். "மதுமதி வந்தா நோயாளி பத்திரமா இருப்பான். நாமதான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்" என்று டாக்டர் சிவசண்முகம் எல்லாரிடமும் சொல்வார். ஆனால் சிக்கலான கேஸ் என்றால் முதல் போன் அவளுக்குத்தான் போகும். மனிதர் கெட்டவரில்லை. கை சுத்தமான கை. ஊரில் அவரால் பிழைத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நேரம் என்ற ஒன்று மட்டும் அவருக்கு எதிரி.

அன்று காலை அவரிடம் வந்தவர் காஜா முகைதீன். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை உள்ள ஆள். பாதி ஆயுளை ஜித்தாவில் ஒரு மொத்தக் கடையில் கழித்துவிட்டு, போதும் என்று ஊரோடு வந்து சேர்ந்தவர். அவருக்கு ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி. கட்டி சொல்லக்கூடிய இடத்தில் வந்திருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டியிருப்பார். இளைய மகள் முஃபீதாவின் கல்யாண வீடு. சம்பந்திகளும் மச்சான்மார்களும் கூடியிருக்கிற வீட்டில், எனக்கு இன்ன இடத்தில் கட்டி என்று எந்த வாப்பாதான் வாயைத் திறப்பார்? நாற்காலியைத் தவிர்த்தார். நின்றபடியே ஆட்களை வரவேற்றார். சகன் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டபோது, பந்தியை மேற்பார்வை பார்க்கிறேன் என்று நின்றுகொண்டே இருந்தார். பொறுப்பான மனிதர் என்று பெயரும் கிடைத்தது. கல்யாணத்தன்று விடியற்காலையில் அவர் குளிரில் நடுங்குவதைப் பார்த்து மனைவி ஷம்ஸியா தொட்டுப் பார்த்தபோதுதான், மேலெல்லாம் அடுப்பாகக் கொதிப்பது தெரிந்தது.

டாக்டர் சிவசண்முகம் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"ஓய், இதை இன்னைக்கே கீறி விடணும். உமக்குச் சர்க்கரை இருக்கு. காய்ச்சலும் ஏறிட்டு. நாளைக்குன்னு விட்டா சீழு உள்ளுக்குள்ள பரவிரும். அப்புறம் உயிருக்கே சேதாரம்."

"நிக்காஹ் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பெறவுதான் டாக்டர். அது முடிஞ்ச கையோட வந்திருதேன்."

"முடிஞ்ச கையோட வாரதுக்கு நீரு இருக்கணும்லா?"

கூட வந்திருந்த மூத்த மருமகன் யாசர் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான். "மாமா, நீங்க வர முடியலைன்னா பெரிய மாமாவ வக்கீலா வச்சு நிக்காஹ முடிச்சிரலாம். மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்குல்லா?"

இடம் இருக்கிறது. பெண்ணின் தகப்பனால் வர முடியாவிட்டால், தன் சார்பில் பேச ஒருவரை வக்கீலாக நியமிக்கலாம். அது காஜா முகைதீனுக்கு யாரையும் விட நன்றாகத் தெரியும். யாசரின் நிக்காஹ்வையே அவர் அப்படித்தான் நடத்தினார். முதலாளி லீவு தரவில்லை. ஜித்தாவில் கடைக் கிட்டங்கியில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டிய சமயத்தில் லைன் போய்விட்டது. திரும்பக் கிடைத்தபோது அந்தப் பக்கம் துஆ ஓதி முடித்துப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை வைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணப் போனார்.

"அது நடக்காது" என்றார் மருமகனிடம். "இந்தப் பிள்ளைக்கு நான்தான் உக்காருவேன். மாப்பிள்ளை கையப் பிடிச்சு நானே சொல்லணும். இல்லைன்னா கட்டியோட அங்கனயே கிடந்து மவுத்தாப் போறேன்."

சிவசண்முகம் மதுமதிக்கு போன் செய்தார். மதுமதி வந்து பார்த்தாள். காஜா முகைதீன் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்து அவளை ஜாமீன் கொடுக்க வந்தவளைப் போலப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா."

"ஒண்ணுமே இல்லியா?"

ஷம்ஸியா உண்மையை உடைத்தாள். துணி எடுக்க வீட்டுக்குப் போன இடத்தில் அவருடைய ராத்தா, கூடப் பிறந்த அக்கா, விடவில்லையாம். கல்யாண வீட்டை விட்டு வெறும் வயிற்றோடு இறங்கக் கூடாது என்று இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் ஊட்டாத குறையாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

மதுமதி பெருமூச்சு விட்டாள். வயிற்றில் சாப்பாடு இருக்கிற ஆளை முழுதாகத் தூங்க வைத்தால், சாப்பிட்டது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் தூக்க மயக்கம் கிடையாது. சீழ் பிடித்த சதையில் மரப்பு ஊசி போட்டாலும் சரியாக ஏறாது. முதுகில் போடுவதுதான் ஒரே வழி. ஹெவியைப் போட்டால் மரப்பு மூன்று மணி நேரத்தில் விட்டாலும் காலில் பலம் திரும்ப இன்னும் நேரமாகும், ஆள் சாயங்காலம் இருட்டும்வரை எழுந்து நிற்க முடியாது.

ஆனால் அவளிடம் இன்னொரு மருந்து இருந்தது. குளோரோபுரோக்கெய்ன் என்று பெயர். முதுகில் போட்டால் முக்கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தாங்கும். பிறகு வந்த சுவடு தெரியாமல் தெளிந்துவிடும். மத்தியானமே ஆள் எழுந்து நடக்கலாம். மதுரையிலிருந்து சொல்லி வாங்கிய இரண்டு குப்பிகளில் ஒன்று போன வாரம் செலவாகி, ஒன்று மிச்சமிருந்தது.

சிவசண்முகத்துக்குச் சந்தேகம். "ஏம்மா, இதைப் போட்டுக் கால் விளங்காமப் போன கதையெல்லாம் நாங்க படிக்கிற காலத்துல சொல்லுவாங்களே?"

"அப்ப அதுல கெட்டுப்போகாம இருக்க ஒரு உப்பு கலந்திருந்தாங்க சார். வேற இடத்துல போடுற அளவு தவறிப்போய் முதுகுல இறங்கிருச்சு. இது முதுகுக்குன்னே வந்தது. அந்த உப்பு கிடையாது. குப்பியிலயே போட்டிருக்கு, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. நம்பினார். அவளிடம் அவருக்கு அந்த மரியாதை உண்டு.

"ஒண்ணு மட்டும் சார்" என்றாள் மதுமதி. "இதுக்குப் பாலத்து போன் செல்லாது. நீங்க வாசல்ல வந்து இறங்கினாத்தான் நான் ஊசிய எடுப்பேன்."

"சரிம்மா, சரி" என்று அவர் ஜங்ஷனில் ஒரு அவசர கேஸைப் பார்க்கப் போனார்.

மதுமதி காஜா முகைதீனிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். ஒளிக்காமல் சொல்லுவதுதான் முறை என்று நினைக்கிறவள் அவள். "அஸருக்கு முன்னாடி உங்க கால்லயே நடந்து போயிரலாம். ஆனா இந்த மருந்து கொஞ்ச நேரந்தான் நிக்கும். நடுவுல தெளிஞ்சு வலி வந்துட்டா, நீளமான மருந்தைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அப்படிப் போட்டா இன்னைக்கு எழுந்திரிக்க முடியாது."

அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். அவள் சொன்னதில் எந்தப் பகுதி அவர் மனதில் தைத்தது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பதினொரு மணிக்கு மேல் போன் வந்தது. "பாலம் ஏறியாச்சு, போட்டுரும்மா." மதுமதி போடவில்லை. தியேட்டர் நர்ஸ் பியூலா ஜன்னலோரம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் உள்ளே நுழைந்து நின்றது. கதவு திறந்து சிவசண்முகம் இறங்கினார்.

"சார் இறங்கிட்டாவ டாக்டர்."

மதுமதி காஜா முகைதீனை உட்கார வைத்தாள். அவர் அந்த நோவோடு எப்படியோ ஒரு பக்கமாகச் சாய்ந்து முதுகைக் கொடுத்தார். ஊசி இறங்கியது. தெளிந்த நீர் சொட்டியது. மருந்தைச் செலுத்திப் படுக்க வைத்தாள். சற்று நேரத்தில் அவர், "ஆஹா, ஒரு வாரத்துக்குப் பெறவு இப்பத்தான் உசுரு வந்திருக்கு" என்றார்.

கீழே இறங்கிய சர்ஜன் மேலே வரவில்லை.

வாசலில் கல்யாண வீட்டுக் கூட்டம் நின்றிருந்தது. வாப்பாவைக் காப்பாற்ற வந்த டாக்டரை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? தட்டு நிறையத் தம்ரூட், இன்னொரு தட்டில் சமோசா, பிளாஸ்கில் ஏலக்காய் டீ, அதன் மேல் கல்யாணப் பத்திரிகை. காஜா முகைதீனின் அண்ணன் பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, குடும்பத்தோடு வந்தால்தான் ஆச்சு என்று நின்றார். பத்திரிகையை வாங்கிவிட்டு இனிப்பைத் தொடாமல் போவது இந்த ஊரில் சண்டைக்குச் சமம். சிவசண்முகம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கையில் தட்டு வந்தது. தட்டு காலியாகும் முன்னே ஆஸ்பத்திரி முதலாளி வந்து, ரெண்டாம் நம்பர் ரூமில் ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள் என்றார்.

அவரைப் பொறுத்தவரை அவசரமில்லை. முப்பது வருடப் பழக்கத்தில், மேலே ஊசி போட்டாகிவிட்டது என்றால் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது என்று அவர் உடம்புக்கே தெரியும். வேறு மருந்து என்று காலையில் கேட்டது மூளையில் இருந்தது. கால் பழைய கணக்கில் நடந்தது.

மதுமதியால் இறங்கிப் போய்க் கூப்பிட முடியாது. ஊசி போட்ட நோயாளியை விட்டு மயக்க டாக்டர் நகரக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கலாம், மூச்சுக்குச் சிரமம் வரலாம். அவள் பியூலாவை அனுப்பினாள்.

பியூலா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "சாரு கையில தட்டு இருக்கு டாக்டர். ரெண்டு நிமிஷங்காவ."

மதுமதி போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது முறை பியூலா போனபோது அவர் ரெண்டாம் நம்பர் ரூமில் இருந்தார். மூன்றாவது முறை மதுமதி சொன்னதை பியூலாவால் அப்படியே சொல்ல முடியவில்லை. பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னாள். அதற்கே அவர் வேகமாகப் படியேறி வந்துவிட்டார். அதற்குள் அரை மணி நேரம் தாண்டிவிட்டது. மருந்தில் பாதிக்கு மேல் சும்மாவே கரைந்து போயிருந்தது.

"கோவப்படாதம்மா, கல்யாண வீட்டுக்காரங்க. பத்திரிகை வச்சா எந்திரிச்சுப் போக முடியுமா?" என்றார். அவரிடம் ஏலக்காய் வாசனை அடித்தது.

"கையக் கழுவுங்க சார்" என்றாள் மதுமதி.

வேலை தொடங்கியதும் அவர் வேறு மனிதர். கத்தியை ஒரு கீறு கீறினார். சீழ் பீச்சிக்கொண்டு வந்தது. அறையே நாறியது. "நல்லவேளை வந்தீரு. ராத்திரி தாங்கியிருக்காது" என்றார். பெரிய குழி காலியானது. விரலை விட்டுத் துழாவியவர் நெற்றியைச் சுருக்கினார். பின்பக்கமாக இன்னும் இரண்டு சின்ன அறைகள் தனியாகச் சீழ் கட்டி நின்றன. அவற்றையும் உடைத்துவிட வேண்டும்.

திரைக்கு இந்தப் பக்கம் காஜா முகைதீன் மதுமதியிடம் பேசிக்கொண்டே இருந்தார். எத்தனை கிடா, எந்த ஊர் சமையல்காரர், மாப்பிள்ளை முக்கூடல், தம்மாமில் வேலை, தங்கமான பையன், தாடிகூட அளவாகத்தான் வைத்திருக்கிறான். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

மதுமதி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. ஏதோ ஓதுகிறார் என்று தோன்றியது. மானிட்டரில் அதுவரை சீராக இருந்த நாடித் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டரம்மா."

"சூடு, இழுக்கிறது, எதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

வலிக்கவில்லை என்று சொல்கிற நோயாளியைக் கண்டால் எந்த மயக்க டாக்டருக்கும் சந்தோஷம்தான். மதுமதிக்குச் சந்தோஷம் வரவில்லை. நாடி மேலும் ஏறியது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஏசி ஓடுகிற அறையில் அவருக்கு மட்டும் வேர்த்தது.

அவள் எழுந்து பக்கவாட்டில் போய், தூக்கிக் கட்டியிருந்த காலின் மேல் கிடந்த துணியை விலக்கினாள். மரத்துப் போன பாதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தொங்கிக் கிடக்கும். இந்தப் பாதம் தொங்கவில்லை. ஐந்து விரல்களும் உள்பக்கமாக இறுக மடிந்து, பாதம் வெளுத்திருந்தது.

"காலை அசைக்க முடியுதா பாருங்க" என்றாள்.

"முடியல" என்றார் காஜா முகைதீன். சொன்ன அதே நொடியில் விரல்கள் விரிந்து, அசையாமல் கிடப்பதற்கு வெகு பிரயாசைப்பட்டன.

"சார், நிறுத்துங்க. தெளிஞ்சிருச்சு."

சிவசண்முகம் நிமிர்ந்தார். "அவரே வலிக்கலைங்காரு. உனக்கு என்னம்மா?"

"வலிக்குது சார். அவரு மறைக்காரு."

"எவனாவது இந்த இடத்துல கத்தி வச்சா மறைப்பானா? ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவேன். அசையாம இருந்தாப் போதும்."

"கையை எடுங்க சார்" என்றாள் மதுமதி. குரல் ஏறவில்லை. ஆனால் பியூலா ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். சிவசண்முகம் கையை எடுத்தார்.

மதுமதி தலைமாட்டுக்கு வந்து குனிந்தாள். கோபம் கோபமாக வந்தது. கீழே தட்டை நீட்டியவர்கள் மேல், தட்டை வாங்கியவர் மேல், எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி இந்த மனிதரைப் பயமுறுத்தி வைத்த தன் மேல். அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அவர் காதருகே பேசினாள்.

"நீளமான மருந்து போடுவேன்னு பயந்துதானே மறைக்கீங்க? போட மாட்டேன். இப்ப நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். "சத்தியமா?"

"சத்தியமா போட மாட்டேன்."

அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துபோனது. உதடு கோணிக்கொண்டது. "உயிரு போவுது டாக்டரம்மா. அல்லாவே... அவரு விரலு விடும்போது கண்ணெல்லாம் இருட்டிட்டு வந்துச்சு." சத்தமில்லாமல் அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கொண்டு அழுதார். பியூலா அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மதுமதி சர்ஜனிடம் திரும்பினாள். "பெரிய குழி காலியாயிருச்சுல்லா சார்? இத்தோட பஞ்சு வச்சு மூடிருங்க. மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்."

"பாதியிலயா? நான் எந்த கேஸையும் பாதியில விட்டதில்ல மதுமதி. ஹெவியப் போடு. பத்து நிமிஷம். சுத்தமா முடிச்சிட்டுப் போவோம். நிக்காஹ்தான, அவங்க அண்ணன் பாத்துக்கிடுவாரு."

"மகளுக்கு வாக்குக் கொடுக்கப் போறவரு இவரு. நான் இவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ராத்திரி காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்லுவா?"

"நானே சொல்லுதேன். பெரிய சீழு வெளிய வந்தாச்சு, மருந்து உள்ள போவுது, ராத்திரிக்குள்ள ஒண்ணும் ஆவாது, அது உங்களுக்கே தெரியும். அப்படி ஆனா முதல்ல என்னைக் கேக்கட்டும். ஏன் பாதியில நின்னுச்சுன்னு கேட்டாலும் சொல்லுதேன்."

கடைசி வாக்கியத்தை அவள் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. சிவசண்முகம் கையுறையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பஞ்சு கொடு பியூலா" என்றார்.

மதுமதி ரத்தக் குழாயில் வலி மருந்தைத் தூங்காத அளவுக்குக் கொஞ்சமாகச் செலுத்தினாள். சிவசண்முகம் பஞ்சைப் பையப் பைய வைத்தார். அவர் அவ்வளவு மெதுவாக எதையும் செய்து பியூலா பார்த்ததில்லை.

வெளியே போய் அவர் உறவுக்காரர்களிடம் பேசினார். "நல்லபடியா முடிஞ்சிருக்கு. மருந்து சீக்கிரம் தெளிஞ்சிட்டு, அதனால கொஞ்சம் பாக்கி. நாளைக்குக் காலையில முடிச்சிருவோம்." சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அரை மணி நேரத்துக்குள் கூட்டத்தில் செய்தி இப்படி உருண்டுவிட்டது: டாக்டரு தங்கம், அந்த மயக்க டாக்டரம்மாதான் ஏதோ மட்டமான மருந்தைப் போட்டு ஆளைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். படியிறங்கி டீ குடிக்கப் போன மதுமதியின் காதிலேயே அது விழுந்தது. திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தாள். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு நாற்பது வார்த்தை இருந்தது. டீயை மட்டும் குடித்துவிட்டு மேலே போனாள்.

மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்ட பிறகு காஜா முகைதீன் கிளம்ப அவசரப்பட்டார். கீழே யாசர் காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மதுமதி விடவில்லை. சிறுநீர் கழித்தாக வேண்டும், பிடிமானமில்லாமல் நேராக நடந்து காட்ட வேண்டும், ரத்த அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். அதுவரை யார் கல்யாணமானாலும் சரி, இந்த அறையைத் தாண்டக் கூடாது. அவர் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து, வெற்றி பெற்றவரைப் போலச் சிரித்தார். வராந்தா முழுவதும் நடந்து காட்டினார். கால் விரித்து, முகத்தைச் சுளித்து, ஆனால் நேராக நடந்தார்.

"வலி மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க. வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. காய்ச்சல் வந்தா எந்நேரமானாலும் வரணும். காலையில வெறும் வயித்தோட வாங்க."

"வந்திருதேன் டாக்டரம்மா." ஷம்ஸியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் கையை எடுத்துவிட்டு அவராகவே நடந்து காருக்குப் போனார்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். புதுச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் மருதாணி வாசனையும் அத்தர் வாசனையும் சேர்ந்து அடித்தது.

"உக்காந்தீங்களா?" என்று கேட்டாள் மதுமதி.

"உக்காந்தேன். ஒரு பக்கமா, பஸ்ஸுல மூணு பேரு சீட்டுல நாலாவது ஆளா உக்காந்த மாதிரி. மாப்பிள்ளை கையப் பிடிச்சேன். அவரு கையும் வேர்த்திருந்துச்சு, என் கையும் வேர்த்திருந்துச்சு. அவருக்குப் பயம், எனக்கு வலி. சொல்ல வேண்டியத முழுசாச் சொல்லிட்டேன் டாக்டரம்மா. சபையில எல்லாரும், வாப்பா மகள நெனச்சு அழுதாருன்னு பேசிக்கிட்டாவ. நானும் இல்லைன்னு சொல்லல."

"யாரும் கூட வரலையா?"

"ராத்திரியே முஃபீதாவ முக்கூடலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. அவ உம்மாவும் கூடப் போயிருக்கா, மூணு நாளு இருந்துட்டுத்தான் வருவா. மூத்தவளும் யாசரும் காலையிலயே கிளம்பிட்டாவ. விருந்தாளியும் போயாச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. போட ஆளில்ல."

சிவசண்முகம் கைகழுவும் இடத்தில் நின்று தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் நேரே மேலே வந்துவிட்டார், கீழே தட்டு நீட்டவும் யாரும் இல்லை. பியூலா ஹெவியில் ஒன்றும் சீக்கிரம் தெளிகிற மருந்தில் ஒன்றுமாக இரண்டு குப்பிகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். சீக்கிரம் தெளிகிறது அன்று காலை பஸ்ஸில்தான் மதுரையிலிருந்து வந்திருந்தது.

"நேத்து போட்ட மருந்து வந்திருச்சு" என்றாள் மதுமதி. "டாக்டர் தயாரா இருக்காரு, இன்னைக்குத் தாராளமா நேரம் போதும். இதையே போட்டுருதேன். மத்தியானம் எழுந்து வீட்டுக்குப் போயிரலாம்."

காஜா முகைதீன் கட்டிலில் ஏறி, அவள் சொல்லும் முன்பே முதுகைக் காட்டிக் குனிந்தார். குனிந்தபடியே பேசினார்.

"அது வேண்டாம் டாக்டரம்மா. மத்ததயே போடுங்க."

"அதைப் போட்டா சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்க முடியாதே."

"இருக்கட்டும். சீக்கிரம் தெளிஞ்சு நான் எங்க போவணும்?"

மதுமதி கையிலிருந்த குப்பியைத் தட்டில் திரும்ப வைத்தாள். பக்கத்தில் இருந்த ஹெவியை எடுத்து, பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, உடைத்தாள்.